முப்பது நாள்

கடல் இல்லாத ஊர்.
கம்மனஹள்ளியில், மூன்றாம் மாடிக் குளியலறையில்,
வடிகட்டிய காவிரியில் உப்புப் பொட்டலம் கொட்டிக்
கடல் செய்கிறேன்.
பூம்புகார் வரை போகவேண்டிய தண்ணீர்
இங்கேயே முடித்துக்கொள்ளட்டும்.

மணல் கிடையாது, கல் கிடையாது;
தாமிரத்தை அவை குடித்துவிடும்.
ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி முழங்கை.
அதற்குள், ரசல் மார்க்கெட் பக்கம் வாங்கிய
மஞ்சள் சர்ஜன், உள்ளங்கை அகலம்.

போன ஆடியில் அவசரப்பட்டேன்.
பையை அவிழ்த்து நேராக விட்டேன்.
ஐந்தாம் நாள் துடுப்பில்
ரவை தூவியதுபோல் வெள்ளை.
பதினோராம் நாள் வரைக்கும்
வலையில் அள்ளியது ஏழு.
பிறகு எழுபத்தாறு நாள்
அந்தப் பெரிய தொட்டியில்
இறால் மட்டும் உலாத்தியது.

இம்முறை சொட்டுச் சொட்டாக.
சோதனைக் குழாயின் நீலத்தை
அட்டையின் நீலத்தோடு வைத்துப் பார்த்து.
குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும்,
கூடினால் மீன் பிழைக்காது.
இவனுக்கு மருந்து; கூடத்து இறாலுக்கு விஷம்.
'ஈரக்கையோடு பெரிய தொட்டியைத் தொடாதே':
சைலஸுக்காகக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

முப்பது நாள் முடியாமல்
பெயர் வைப்பதில்லை. அது சட்டம்.

பத்தொன்பதாம் இரவு மின்சாரம் போயிற்று.
பேட்டரி பம்பைத் தேடி எழுந்தால்
குளியலறையில் ஏற்கெனவே அது முனகிக்கொண்டிருக்கிறது.
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து,
டார்ச்சை விரல்களால் பொத்தியபடி சைலஸ்:
"எலுமிச்சை, பயப்படாதடா. கரண்ட் வந்துரும்."

கேட்காததுபோல்
திரும்பி வந்து படுத்தேன்.
இன்னும் பதினொரு நாள்.