பட்டு

மே மாதம் கிரீட்டில் பார்லி முற்றி நிற்கும்.
அந்த வருஷம் அறுக்கவில்லை.
ஜெர்மன்காரர்கள் வானத்திலிருந்து விழுந்தார்கள்.

துப்பாக்கிகள் வேறு குடையில், வேறு வயலில் இறங்கின.
கயிறு முதுகில் பிணைத்திருந்தது;
திரும்பக்கூட வழியில்லாமல்
தாய்ப்பூனை கவ்விய குட்டிகளாய்த்
தொங்கிக்கொண்டே வந்தார்கள்.

அண்ணன் மனூசோஸ்
பாதிரியாரின் முயல் துப்பாக்கியோடு ஓடினான்.
நான் அரிவாளோடு.

எங்கள் ஒலிவ மரத்தில் ஒருவன் மாட்டியிருந்தான்.
முழங்காலில் தடித்த மெத்தை, கையில் கத்தி.
பாதிக் கயிறுதான் அறுத்திருந்தான்.
ஏதோ கேட்டான்.
தண்ணீராக இருக்கலாம். அம்மாவாக இருக்கலாம்.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் குடையை இறக்கினேன்.
வெட்ட வெட்டத் தீராத பட்டு.
அண்ணி ஸ்தமாத்தியாவுக்கு உள்பாவாடை,
அவள் குழந்தைக்குச் சட்டை.

ஜூனில் பட்டைத் தேடி
வீடு வீடாக வந்தார்கள்.
துணி அகப்பட்ட வீட்டின் ஆண்கள்
சுவரோரம்.

சட்டையை ரொட்டியடுப்பில் திணித்தேன்.
பட்டு எரிந்தால் மயிர் பொசுங்கும் நாற்றம்.
ரொட்டியிலும் ஏறிவிட்டது.
தின்றோம்.

உள்பாவாடையை அண்ணி தரவில்லை.
கறுப்பு உடுப்புக்கு அடியில்
அதைக் கட்டிக்கொண்டுதான்
மனூசோஸின் உடலை
அடையாளம் காட்டப் போனாள்.