தக்காளி ஏறாத லாரி

ராயக்கோட்டை கிளை நூலகம்.
வியாழன் மாலை, கதவைச் சாத்துமுன்
பழைய அட்டவணை அட்டை ஒன்றின் முதுகில்
சனிக்கிழமைக்கு எழுதுகிறேன்:

பத்தரை மணி. பதினான்கு பிள்ளைகள்.
கதை ஏழு நிமிடம். அதற்குமேல் இழுக்கக் கூடாது.
போன வாரம் பதினோராம் நிமிடத்தில்
ராஜாவை நடுக்காட்டில் விட்டுவிட்டு
எல்லாரும் அண்ணாந்து
மின்விசிறியில் சிக்கி ஆடிய நூலைப் பார்த்தார்கள்.
நூலகத்தில் அவர்கள் கண்ணெடுக்காமல் பார்த்த
முதல் நூல் அதுதான்.
நானும் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடியது.

கோரைப்பாய் இரண்டு, அங்கன்வாடியில் கேட்க வேண்டும்.
மூக்குத் துடைக்க ஈரத்துணி.
ஆஃபியா என் மடியில்தான் உட்காருவாள்,
ஏழு வாரமாக ஒரு சொல் பேசியதில்லை;
ஆகவே எதைக் காட்டுவதானாலும் இடக்கையால்.

எதைக் காட்டுவது?
நான்கு அலமாரியில் மூன்று, குரூப் ஃபோர் கைடுகள்.
படப் புத்தகம் மொத்தம் எட்டு,
அதில் ஐந்தில் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி,
கம்பளிக் குல்லா, சறுக்கு வண்டி.
எங்கள் பனி அப்படியில்லை.
மார்கழியில் கோட்டை மலையைக் காணாமலடிக்கும்,
எட்டரைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

சரி, நானே ஒன்று கட்டுகிறேன்.
ஒரு தக்காளி. பெயரை அவர்களே வைக்கட்டும்.
மண்டி வாசலில் கிரேடிலிருந்து குதித்துவிடுகிறது.
லாரி வருகிறது: ஏறு.
தக்காளி: வேண்டாம்.

மூன்று வயதில் வாய் நிறையச் சொல்ல
அதைவிட நல்ல சொல் எது?
வீட்டில் அதற்குத்தான் அடி விழுகிறது.
இங்கே வந்து சொல்லட்டும்.

ஆனால் யாருடைய வேண்டாம்?
ஒருமுறை ‘வானத்தைப் பாருங்கள்’ என்றேன்,
ஜஸ்வந்த் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.
அவன் வீட்டுத் தெலுங்கில் வான என்றால் மழை.
அதிலிருந்து என் கதைகளில்
வானம் வருமிடத்திலெல்லாம்
கொஞ்சம் தூறலும் வைத்துக்கொள்கிறேன்.

எனவே மூன்று லாரி.
சென்னை லாரிக்கு: வேண்டாம்.
விஜயவாடா லாரிக்கு: வத்து.
பெங்களூர் லாரிக்கு: பேடா.
பைரேஷ் கன்னடத்தில் கத்துவான்,
மற்றவர்கள் அவன் பின்னால்.

ஹாரன்: நானே. மெதுவாக.
(புகார்ப் பதிவேட்டில் போன சனி:
‘சிறுவர் இரைச்சல். படிக்க முடியவில்லை.
தேர்வுக்கு நாற்பது நாள். – திம்மராஜ்.’
அவன் சொல்வதும் நியாயம்தான்.)

நிஜத் தக்காளி ஒன்று வாங்க வேண்டும்.
முடிவு:
அந்த இடம் காலியாகவே இருக்கிறது.
வெள்ளி விடுமுறை. யோசிக்கலாம்.

யோசிக்கவில்லை.

சனி, பத்து ஐம்பத்திரண்டு.
மூன்று லாரியும் வெறுமையாகப் போயாயிற்று.
பாய் முழுக்க பேடா பேடா.
நான் முடிவில்லாத அட்டையைப் பார்த்தபடி
தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்தேன்.
அப்போது மடியிலிருந்து,
தக்காளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு,
சின்னதாக:

நக்கோ.

வேண்டாம் என்பதற்கு
அவள் வீட்டுச் சொல்.
பதின்மூன்று தலைகள் திரும்பின.
அதைச் சொல்ல ஒரு லாரி வேண்டுமே,
என் அட்டையில் நான்காவது லாரி இல்லையே,
என் தொண்டையிலும் ஹாரன் தீர்ந்துவிட்டதே
என்று நான் தடுமாறியபோது

கைடு அலமாரிக்குப் பின்னாலிருந்து
பாஆம்ம்.
காற்று பிரேக் விடும் சத்தம்கூட:
டிஸ்ஸ்ஸ்.
பத்துச் சக்கரமாவது இருக்கும் அந்த லாரிக்கு.

ஒரு கணம் மௌனம்.
பிறகு பதினான்கு பேரும் எழுந்து நின்று
அலமாரியைப் பார்த்து
நக்கோ.

முன்னைவிடப் பெரிதாக மறுபடி பாஆம்ம்.
நக்கோ.

எத்தனை முறை என்று எண்ணவில்லை.
ஏழு நிமிடம் எப்போதோ போய்விட்டது.
தக்காளி கடைசியில் என்ன ஆயிற்று என்று
ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

பாயைத் தட்டிச் சுருட்டும்போது
நான்கைந்து விதை ஒட்டியிருந்தது.
என் புடவை மடியில் உள்ளங்கை அகலத்துக்கு
சிவப்பாய் ஈரம்.

புகார்ப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
இன்றைய தேதி போட்டு
அதன்கீழ் எதுவும் எழுதாமல்
பேனாவைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.