குறிப்புரைக்கு ஒன்றரை வரி

மதுரையிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்தது
ஆசிலோஸ்கோப். இரண்டு சேனல், ஐம்பது மெகாஹெர்ட்ஸ்,
என் சாப்பாட்டுத் தூக்கைவிட எடை குறைவு.
பத்து வாங்கலாமா, ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று
முதல்வர் ஒரு படிவம் தந்தார்.
குறிப்புரைக்கு ஒன்றரை வரி இடம்.

காரைக்குடியில் பங்குனி வெயில்.
பழைய சி.ஆர்.ஓ.வை ஓரமாய்த் தள்ளினார் அடைக்கலம்.
"இது கண்ணு முழிக்க அஞ்சு நிமிஷம், மேடம். அது?"
பதினொரு விநாடி. எழுதிக்கொண்டேன்.

குமிழில் கொஞ்சம் லொடலொடப்பு.
விசிறி ஒன்று ஓடினால் என் குரல்
கடைசி பெஞ்சுக்குப் போகும்.
பத்து ஓடினால் போகாது.
சதுர அலையின் மூலை மழுங்கியிருந்தது;
ஊசித் திருப்புளியால் அரைத் திருகு, நிமிர்ந்தது.
முனையை விரலால் தொட்டேன்:
ஊர் மின்சாரம் என் உடம்பு வழியே நெளிந்தது,
பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் அத்தனை அழகாக இல்லை.

'ஆட்டோ' என்று ஒரு பொத்தான்.
அழுத்தினால் அலை தானே வந்து
நடுவீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.
இதைப் பூட்டி வைக்க முடியுமா என்றேன்.
"அதுக்காகத்தானே வாங்குறாங்க" என்றார் விற்பனையாளர்.

பிறகு நம் சிக்னல் ஜெனரேட்டர்.
முள்ளை ஆயிரத்தில் வைத்தேன்.
திரையில் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.

விலை மலிவு, புதுசைத்தான் சந்தேகித்தேன்.
மல்டிமீட்டரும் அதையே சொன்னது.
போட்டிக் கம்பெனியின் மாதிரியும்.

போன வருஷம் சேவுகமூர்த்தி
பழைய திரையில் கண் ஒட்ட நின்று எண்ணினான்:
ஐந்து கட்டம், ஒன்றரைக் கோடு.
முப்பத்தைந்து பேர் ஆயிரம் என்று எழுத
அவன் மட்டும் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.
'கவனக்குறைவு', சிவப்பு மையில், நான்.
மறுபடி எண்ணினான். மறுபடி அதே.
என்னை ஒருமுறை பார்த்தான்.
அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதினான்.
அதற்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன்.

புதுவயல் அரிசி ஆலையில்
மோட்டார் பேனல் பார்க்கிறானாம் இப்போது.

'வகுப்பறைக்கு ஏற்றது. விசிறிச் சத்தம்
அதிகம்.' ஒன்றரை வரி முடிந்தது.

"நம்பர் இருக்கா, அடைக்கலம்?"
அவர் போனை எட்டப் பிடித்துக்கொண்டு படித்தார்.
பத்து இலக்கமும்
படிவத்தின் ஓரத்திலேயே எழுதிவிட்டேன்.
முதல்வரிடம் போய்
இன்னொரு படிவம் கேட்க வேண்டும்.