நாலாம் மாடிக் கடல்

ஜனவரி பதினோராம் தேதி இரவு
என் படுக்கையறைக் கூரையில் ஓர் ஈரவட்டம்.
முதலில் கைக்குட்டை அளவு,
பிறகு தலையணை உறை அளவு.
சொட்டியதை விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு.

பிர்னோவில் கடல் கிடையாது.
இந்த நாட்டுக்கே கிடையாது.
எங்களுக்குக் கடல் என்றால்
கோடையில் பத்து மணி நேரம் கார் ஓட்டிப்போய்த்
தோல் உரிந்து திரும்புவது.
அதனால் அந்தத் துளி
எனக்குக் கண்ணீரை ஞாபகப்படுத்தவில்லை,
ஆறிய சூப்பைத்தான்.

மேலே போகப் பதினெட்டுப் படி.
படிக்கு ஒரு வசவு தயாராக இருந்தது.
கதவு திறந்தே கிடந்தது.
டிராம் பணிமனை எலெக்ட்ரீஷியன் போர்ஷெக்,
முழங்கால்வரை நனைந்த பைஜாமாவில்,
தொட்டியின் மேல் கவிழ்ந்திருந்தார்.
திரும்பாமலே
"டார்ச்சைப் பிடிங்க" என்றார்.
பிடித்தேன்.
வசவுகளை எங்கே வைத்தேனோ, நினைவில்லை.

கடற்சாமந்தி என்று பெயர்.
சாமந்தி நடக்காது.
இது மூன்று நாளாக நடந்திருக்கிறது,
பாறையிலிருந்து கண்ணாடிக்கு,
கண்ணாடியிலிருந்து மூலைக்கு,
இரவுக்கு ஒரு சாண், அவர் தூங்கும் நேரம் பார்த்து.
கடைசியில்
நீர் வழிந்திறங்கும் சீப்புப் பற்களின் மேல் உட்கார்ந்து
உடம்பாலேயே வழியை அடைத்துவிட்டது.
கீழ்த்தொட்டிப் பம்ப் ஏற்றிக்கொண்டே இருக்க
ஏறிய நீர் இறங்க வேறு வழி தேடியது.
கிடைத்த வழி நான்.

"விளக்கை மாற்றினேன், நீரோட்டத்தை மாற்றினேன்,
என்ன குறை என்று சொல்லவும் செய்யாது
சும்மா இருக்கவும் செய்யாது."
இவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

பிய்த்தால் பாதம் கிழியும்.
கிழிந்தால் அழுகும்.
அழுகினால் விடிவதற்குள் தொட்டியே போய்விடும்.
பால்கனிக் கம்பியில் தொங்கிய பனிக்கட்டியை
நான்தான் ஒடித்து வந்தேன்.
பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தப் பாதத்தருகே பிடித்தோம்,
வெதுவெதுப்பில் வளர்ந்த உயிருக்கு
மொராவியாவின் குளிர், ஒரு கைப்பிடி.
இருபது நிமிஷம். என் விரல்கள் மரத்துவிட்டன.
அது விட்டது,
ஒரு ஓரம் முதலில்,
பிறகு யோசித்து மறு ஓரம்.

உள்ளங்கையில் அது
கஞ்சி ஊற்றிக் கட்டிய ரப்பர்க் கையுறை.
விரல் போன்றவை மணிக்கட்டில் ஒட்டின,
பூனை நாக்குப் போலச் சொரசொரப்பாக.
இரண்டின் நுனி சீப்பிலேயே தங்கிவிட்டது.
இத்தனைக்கும்
இதற்குத் துணையென்று வாங்கிய இரண்டு கோமாளி மீன்கள்
பம்பின் காந்தத்துக்குப் பின்னால்
தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

நான் பல்செட் செய்கிறவள்.
சனிக்கிழமை ஆளில்லாத பட்டறையில்
மீந்த ஈறு நிற அக்ரிலிக்கை எடுத்து
அந்தச் சீப்புக்கு ஒரு வலைக்கவசம் வார்த்தேன்.
அளவெடுத்தது மெழுகில், எல்லோருக்கும் எடுப்பது போலவே.
வாடை போக நான்கு நாள் ஊறவைத்தேன்.
பொருத்திப் பார்த்த போர்ஷெக்
"கடித்துக் காட்டச் சொல்லாதீங்க" என்றார்.
வருஷக்கணக்கில் கீழும் மேலும் இருந்துவிட்டு
அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

ஒன்பது நாள் பாறைக்குப் பின்னால்
முஷ்டியாகச் சுருண்டே கிடந்தது.
நான் ஏன் தினமும் மேலே போனேன்?
பத்தாம் நாள், வியாழன்,
ஒரு மடிப்பு விரிந்தது.
நுனிகளில் சின்னச்சின்னக் குமிழ் பூத்தது.
இடுக்கியில் நீட்டிய இறால் துண்டை வாங்கி
அவசரமே இல்லாமல் நடுவாய்க்குள் மடித்துக்கொண்டது.
"மறுபடி நடக்கும்" என்றார் அவர்.
"இன்றைக்கு இங்கே இருக்கிறது, அவ்வளவுதான்."

என் கூரையில் வட்டம் காய்ந்துவிட்டது.
விளிம்பில் உப்பு, வெள்ளையாக, ஒழுங்கில்லாமல்.
படுத்தால் கண்ணுக்கு நேரே.
மார்ச்சில் போர்ஷெக் பெயின்ட் டப்பாவும்
பிரஷுமாக வந்து நின்றார்.
ஏணி எட்டாது என்றேன்.

எட்டும்.