பதினைந்தாம் வேற்றுமை

பக்கவாதம் ஹெல்வேயிடம்
ஒரே ஒரு சொல்லை விட்டுச் சென்றது,
வீட்டையே துடைத்துக்கொண்டு போனவன்
வாசலில் ஒற்றைக் கையுறையை மறந்ததுபோல.

அந்தச் சொல் என் பெயர் இல்லை.

தண்ணீர் வேண்டுமென்றாலும் யேசு.
ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் யேசு.
கஞ்சியில் உப்பில்லை, கால் மரத்துவிட்டது,
பட்டாணித் தெருவில் பனி வாரும் வண்டி வந்துவிட்டது,
யேசு, யேசு, யேசு.
கோபத்துக்கும் அதேதான். அப்போது மட்டும்
முதலெழுத்தில் பல் தெரியும்.

"இடப்பாதி மூளை இருண்டுவிட்டது" என்றார் மருத்துவர் ஊர்மோ.
"வசவு, எண்ணிக்கை, ஜெபம்,
நாக்குக்குப் பழகியவை வலப்பாதியில் பதுங்கியிருக்கும்.
இதில் அர்த்தம் தேடாதீர்கள்."

அர்த்தம் தேடுவதுதான் என் பிழைப்பு, டாக்டர்.
தார்த்துவில் முப்பத்தோராண்டு கிறிஸ்துவியல் நடத்தினேன்.
அவருடைய பட்டங்களைப் பற்றி
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அடிக்குறிப்புகள் தனி.
எந்தச் சொல்லை எந்த ஊர்க்காரன் பின்னால் சேர்த்தான்,
படியெடுத்தவன் எந்த இடத்தில் தூங்கி வழிந்து
ஒரு வரியைத் தாண்டினான்,
எல்லாம் தெரியும்.

மேயரைப் பற்றிக் கேட்டால் சொல்வோமே:
தெரியும்.
பழக்கமில்லை.

நான் எழுதிய வாக்கியம் ஒவ்வொன்றிலும் அவர் படர்க்கை.
அவரை, அவரால், அவருக்கு, அவரிடமிருந்து.
முன்னிலையில் வந்து உட்கார்ந்ததே இல்லை.
நாற்காலி போட்டால்தானே.

ஹெல்வே பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுத்தவள்.
என் புத்தகத்தைப் பிரித்ததில்லை.
கம்பு ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும்போது
கிண்ணத்துக்கு அடியில் கொடுப்பாள்,
அடுப்புச் சூடு படும் உயரத்துக்கு அந்தத் தடிமன் சரியாம்.
பக்தி என்று சொல்ல மாட்டேன்.
பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவாள்.
விரல் சுட்டால், உருளைக்கிழங்கு கருகினால்,
வால்கா வண்டி தாமதமானால் அந்தப் பெயர்.
அதை வீணாக்காதே என்று திருத்தியிருக்கிறேன்,
விருந்தாளிகள் முன்னால்கூட.

எங்கள் மொழியில் வேற்றுமை பதினான்கு.
உள்ளே நுழைய ஒன்று, உள்ளேயே இருக்க ஒன்று,
வெளியேற ஒன்று,
இல்லாமல் வாழ என்றுகூட ஒன்று.
கூப்பிட மட்டும் எதுவும் கிடையாது.
பெயரைச் சொல்வதும் பெயர் சொல்லி அழைப்பதும்
எங்களுக்கு ஒரே ஒலி.
கேட்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி. ஆற்றில் பனிக்கட்டி நெரியும் சத்தம்.
இரவு மூன்று மணிக்கு அவள் சொன்னாள்.
தண்ணீர் நீட்டினேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.
போர்வையா, இல்லை.
விளக்கா, இல்லை.
மறுபடி சொன்னாள், என்னைப் பார்க்காமல்,
என் தோளுக்கு மேலே கோட்டு மாட்டும் ஆணியைப் பார்த்து.
வரிசையில் தெரிந்த முகம் வந்துவிட்டால்
சீட்டுச் சன்னலில் ஒரு குரல் வைத்திருப்பாள்,
அந்தக் குரலில்.

என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.
அந்த அறையில் அப்போது
படர்க்கை நான்தான்.

ஊர்மோ சொன்னது சரியாகவும் இருக்கலாம்.
வலப்பாதி, பழக்கம், அவ்வளவுதான்.
பழக்கம் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு நானும் சொல்லிப் பார்த்தேன்.
ஆயிரம் முறை அச்சுப் பிழை திருத்திய பெயர்.
அடிக்குறிப்பில்லாமல் வாயில் வந்தபோது
கூச்சமாக இருந்தது,
அயல் வீட்டுக் கதவைத்
தவறிப்போய்த் தட்டியதுபோல்.

ஹெல்வே திரும்பினாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
அசைகிற கையால்
மடியிலிருந்த தம்ளரை எடுத்து
என்னிடம் நீட்டினாள்.

எனக்கும் தாகமாகத்தான் இருந்தது.