கோப்பில் வைத்திருப்போம்

பாம்பன் தெற்குவாடி மாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே
ஒரு சதுர அடியில்தான் சிக்னல்.
மேலே இஸ்திரி போட்ட சட்டை,
கீழே பழைய பாவாடை.

திரையில் ஒரு பையன்.
இருபத்தைந்து இருக்கும்.
"பதினாலு மாசம் ஏன் இடைவெளி, மேடம்?"

ஓரகடத்தில் இதே கேள்வியை
எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்,
பதில் வருமுன்னே பேனாவை மூடி.

சொல்லலாம்தான்:
நாற்பத்தொரு பேருக்கு
நீக்கக் கடிதம் அடித்தவள் நான்.
நாற்பத்திரண்டாவதில் என் பெயர்.
அதையும் நானே அடித்தேன்,
எழுத்துப்பிழை பார்த்து.

சொல்லவில்லை.
"குடும்பச் சூழ்நிலை" என்றேன்.
அதற்கு மதிப்பெண் எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்.

கச்சான் காற்று மைக்கைப் பிடுங்கியது.
"அங்க என்ன சத்தம் மேடம்?"
"கடல்."
குறித்துக்கொண்டான்.

பக்கத்து மாடியில் மோட்சம் அக்கா
கருவாட்டைத் திருப்பிப்போட்டபடி
"என்னடி சொன்னான்?"
"கூப்பிடுவாங்கக்கா."
அந்தக் குரல் என்னுடையதில்லை,
அலுவலகத்தில் விட்டுவந்தது.

சாயங்காலம் மெயில் வந்தது.
'உங்கள் விவரங்களை எங்கள் கோப்பில் வைத்திருப்போம்.'
அந்தக் கோப்பை நான் அறிவேன்.
அப்படி ஒன்று கிடையாது.

ராத்திரி பதினொன்றுக்கு
போன் அதிர்ந்தது.
பாயைத் தள்ளி எழுந்து எடுத்தேன்.
எதிர்க்கரைக் கோபுரத்து அலை ஒன்று
வழிதவறி வந்திருக்கிறது:
'இலங்கைக்கு நல்வரவு.'

இந்த வருஷம் வந்த
ஒரே நல்வரவு.
அழிக்கவில்லை.