சட்டப்படி ஒரு நிழல்

கம்பளி வணிகன் வோல்ராத்
தன் தம்பி கல்யாணத்தில்
என் பிடிலை மேசை விளிம்பில் அடித்து உடைத்தான்.
பிறகு என்னை.

வாசிப்பு மெதுவாக இருந்ததாம்.
பார்லி மது ஏறிய காலுக்கு
எந்தத் தாளமும் முந்திக்கொண்டுதான் ஓடும்;
என்னுடையது மட்டும் அவனுக்குப் பின்தங்கியதாம்.

ஊர் மன்றத்தில் போய் நின்றேன்,
மூக்கில் காய்ந்த ரத்தம்,
கையில் பிடிலின் கழுத்து மட்டும்.

நடுவர் ஹோயர் சட்டத்தை மனப்பாடமாகச் சொன்னார்:
நிலமுள்ள குடியானவனை அடித்தால் வெள்ளி.
நாள்கூலியை அடித்தால்
இரண்டு கம்பளிக் கையுறை, ஒரு சாணிக்கவை.
பாதிரிக்குப் பிறந்த பிள்ளையை அடித்தால்
ஒரு வண்டி வைக்கோல்.
வாசித்துப் பிழைப்பவளை அடித்தால்
அடித்தவனின் நிழல்.

வெயிலில் அவன் சுவருக்கு எதிரே நிற்பான்.
சுவரில் விழும் நிழலின் கழுத்தில்
நீ ஓர் அடி அடித்துக்கொள்ளலாம்.
கணக்கு தீர்ந்தது.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
உதடு கிழிந்திருந்ததால் பாதிதான்.
"வெயில்?" என்று கேட்டேன்.
எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

நவம்பர்.
எல்ப நதியிலிருந்து எழுந்த மூட்டம்
கூரைவரை வந்து உட்கார்ந்திருந்தது.
வழக்கு நாளைக்கு.
நாளைக்கும் மூட்டம்.

தீப்பந்தம் பிடித்தால் ஆகாதா என்றான் வோல்ராத்.
ஹோயர் வெகுநேரம் யோசித்தார்.
சட்டத்தில் சூரியன் என்றுதான் இருக்கிறது.

ஆகவே தினமும் காலை மணி அடித்ததும்
கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றான்
நிழலில்லாத வோல்ராத்.
படகுத்துறையில் அவன் மூட்டைகள் நனைந்து கனத்தன.
சிறுவர்கள் அவன் காலடியில் குனிந்து தேடினார்கள்,
யாரோ தொலைத்த காசைத் தேடுவதுபோல.
பெண்கள் தக்ளியோடு வந்து உட்கார்ந்தார்கள்.
மீன்காரி ரிக்ஸா எனக்கு வெங்காயம் தந்தாள்.
கிணற்றுமேடையில் நான்
புதுப் பிடிலுக்கு ஆட்டுக்குடல் நரம்பு முறுக்கினேன்.
பொழுது போக வேண்டுமே.

ஒன்பதாம் நாள்
ஓரம் வெட்டித் தேய்ந்த வெள்ளிக்காசுபோல ஒரு சூரியன்.
மாதாகோவில் சுவரில் நிழல் விழுந்தது,
அவனைவிட ஒல்லியாக.

அடித்தேன்.
கல் என் விரல்முட்டிகளைச் சீவியது.
அப்பமும் ரசமும் எனக்கில்லை என்று சொன்ன கோவில்
என் ரத்தத்தை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

ஆனால் பார்த்தேன்:
பத்தடி தள்ளி நின்ற வோல்ராத்
கழுத்தைத் தடவிக்கொண்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

தவக்காலத்துக்கு முந்தின வாரம் அவன் மகளுக்குக் கல்யாணம்.
மூன்று ஊர் தேடியும் வேறு ஆள் கிடைக்கவில்லை.
சொல்லி அனுப்பினான். போனேன்.
பசித்தவளுக்கு ரோஷம் சாப்பிட்ட பிறகுதான் வரும்.
வேகமாகவே வாசித்தேன்.
கிழவர்கள் மூச்சிரைத்து உட்காரும்வரை வாசித்தேன்.

எங்களுக்குக் காசு தருவது வழக்கமில்லை;
உடுத்துக் கழித்ததைத் தருவார்கள்.
தன் பழைய மேலங்கியைத் தந்தான்.
அதன் தோள்களில் அவன் தோள்கள் இன்னும் இருந்தன.

கோட்டைவாசல் மூடுமுன் நாங்கள் வெளியேறிவிட வேண்டும்.
இறங்கும் வெயில் முதுகில்.
எனக்கு முன்னால், சாலையில் நீளமாக,
அகன்ற தோளோடு அவன் போகிறான்,
தோளுக்கு மேலே ஒரு பிடிலின் கழுத்து.

மிதிக்கப் பார்க்கிறேன்.
எப்போதும் ஒரு எட்டு முன்னால் இருக்கிறது.

அங்கி நல்ல கனம்.
குளிரவில்லை.